பத்து லட்சம் டாலர் தகரம்: நியூயார்க் மஞ்சள் டாக்சிகளின் கடன் நெருக்கடி – ஒரு நிகழ்வு ஆய்வு

உபர் வந்தது, டாக்சிக்காரர் பிழைப்பு போனது. நியூயார்க் மஞ்சள் டாக்சிகளின் கதையைப் பலரும் இந்த ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வரி பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் முக்கியமான ஒரு கேள்வி அப்படியே நிற்கும். சவாரி குறைந்தால் வருமானம் குறையும், சரி. அப்படிக் குறைந்தவர் வேறு வண்டிக்கு மாறலாம், தொழிலையே விடலாம். கஷ்டம்தான், ஆனால் ஆள் மூழ்கிப்போக வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ 2016 தொடங்கி 2019க்குள் 950க்கும் மேற்பட்ட மெடாலியன் (மஞ்சள் டாக்சிக்கான அனுமதிப் பில்லை) உரிமையாளர்கள் திவால் மனு போட்டார்கள். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் ஓர் ஆளின் தலையில் ஐந்து, ஆறு, ஏழு லட்சம் டாலர் கடன் எப்படி ஏறியது? அதை ஏற்றியது உபர் இல்லை.

இந்த ஆய்வு அந்தக் கடன் வந்த வழியைத் தேடிப் போகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டி ஓர் அடி. அது உயிரை வாங்கும் அடியாக மாறியதற்குக் காரணம், வண்டி ஓட்டுவதற்கான அனுமதி அடகு வைக்கக்கூடிய சொத்தாக ஆனதும், அப்படி ஆக்கியதில் நகர நிர்வாகமே காசு பார்த்ததும்தான்.

பத்து டாலர் பில்லை

மெடாலியன் என்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. எண் பொறித்த சின்னத் தகரப் பில்லை. மஞ்சள் டாக்சியின் எஞ்சின் மூடி மேல் பொருத்தியிருப்பார்கள். அதே எண் வண்டிக் கூரை விளக்கிலும் இருக்கும். விளக்கு எரிந்தால் வண்டி காலி என்று பொருள்.

அது பிறந்த கதை 1930களின் பெருமந்தத்தில் தொடங்குகிறது. வேலை போனவர்கள் கூட்டம் கூட்டமாக டாக்சி ஓட்ட வந்தார்கள். சவாரியைவிட வண்டி அதிகமானது. ஒருவர் கட்டணத்தைக் குறைக்க, அடுத்தவர் அதற்கும் கீழே போக, நாள் முழுக்க ஓட்டியும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1934இல் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1937இல், லாகார்டியா மேயராக இருந்தபோது, ஹாஸ் சட்டம் வந்தது. வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. அப்போது கொடுக்கப்பட்ட அனுமதி ஒன்றின் கட்டணம் 10 டாலர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பலர் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். எண்ணிக்கை 11,787க்கு இறங்கியது. அங்கேயே நின்றும்விட்டது. 1996 வரை ஒரு மெடாலியன்கூட கூடவில்லை. அரை நூற்றாண்டு! இடையில் அந்த நகரத்தில் என்னென்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். டாக்சி எண்ணிக்கை மட்டும் அசையவில்லை.

எண்ணிக்கையை நிறுத்தியதில் மட்டும் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1937இல் அதற்கு நல்ல காரணம் இருந்தது. சிக்கல் சட்டத்தில் இருந்த இன்னொரு வசதியில் இருந்தது: மெடாலியனை இன்னொருவருக்கு விற்கலாம். எண்ணிக்கை கூடாது, கைமாறலாம் என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தத் தகரத்துக்குச் சந்தை விலை வராமல் இருக்காது. வந்தது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது.

மெடாலியனுக்குச் சட்டம் கொடுத்த தனியுரிமை ஒன்றே ஒன்றுதான். தெருவில் கை நீட்டுபவரை ஏற்றிக்கொள்ளும் உரிமை. கருப்பு கார், லிவரி என்று வேறு வாடகை வண்டிகள் நகரில் எப்போதும் உண்டு. ஆனால் அவை ஏதாவது ஒரு நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும். பயணி அந்த நிலையத்துக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தெருவில் கை காட்டியவருக்காக நிறுத்தினால் அபராதம். கை நீட்டி ஏறுவது ஒரு பக்கம், சொல்லிவைத்து ஏறுவது மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி. மெடாலியனின் விலை முழுக்க அந்த வேலியின் மேல்தான் நின்றது.

ஷிஃப்ட் வாடகை

1971இல் டாக்சி, லிமோசின் ஆணையம் அமைக்கப்பட்டது. நியூயார்க் டாக்சிக்காரர்கள் எல்லோரும் டிஎல்சி என்றுதான் சொல்வார்கள். ஓட்டுநர் உரிமம், மீட்டர் கட்டணம், வண்டியின் தரம் எல்லாம் அதன் கையில் வந்தன.

1979இல் நடந்த ஒரு மாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் ஓட்டுநர் பக்கமிருந்து பார்த்தால் அதுதான் பெரிய திருப்பம். அதுவரை நிறுவன வண்டி ஓட்டியவருக்கு மீட்டர் வசூலில் ஒரு பங்கு கிடைத்தது. கூட்டம் குறைந்த நாளில் முதலாளிக்கும் குறையும், ஓட்டுநருக்கும் குறையும். 1979இல் வண்டியை ஷிஃப்டுக்கு வாடகைக்கு விட அனுமதி கிடைத்தது. 12 மணி நேரத்துக்கு இவ்வளவு என்று முன்பணம். பெட்ரோல் ஓட்டுநர் செலவு. மழை வந்தாலும் கூட்டம் வராவிட்டாலும் முதலாளிக்கு வாடகை வந்துவிடும். ஓட்டுநர் முதல் சில மணி நேரத்தை வாடகைக்கும் எரிபொருளுக்கும் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு வருவதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போக முடியும். சட்டப்படி அவர் ஊழியரே இல்லை, சுயதொழில் செய்பவர். விடுப்பு, ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செயலி நிறுவனங்கள் வந்த பிறகு ‘ஓட்டுநர் எங்கள் ஊழியர் அல்ல’ என்ற வாதத்தைப் புதுத் தந்திரமாகப் பலர் எழுதினார்கள். நியூயார்க் டாக்சி உலகத்துக்கு அது முப்பது ஆண்டுப் பழசு.

இப்படி ஷிஃப்ட் வாடகை கட்டியே அலுத்தவருக்கு ஒரே கனவுதான்: சொந்த மெடாலியன். ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹைட்டி என்று பல நாட்டுக்காரர்கள். தினமும் அடுத்தவருக்குக் கட்டும் வாடகையைத் தவணையாகக் கட்டினால் கடைசியில் சொத்து நமக்கு. ஓட்ட முடியாத வயதில் அதை விற்றால் அதுவே ஓய்வூதியம். கணக்கு நியாயமானது. எழுபது ஆண்டுகளாக விலை ஏறித்தான் வந்திருக்கிறது என்பதும் அவர்கள் கண் முன்னால் இருந்தது.

விலையை ஏற்றியவர்கள்

2002 வாக்கில் ஒரு மெடாலியனின் விலை சுமார் 2 லட்சம் டாலர். 2014இல் 10 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓட்டுநரின் வருமானம் ஐந்து மடங்கு ஆகவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியானால் விலை எதை வைத்து ஏறியது?

கடனை வைத்து. 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழின் புலனாய்வு இதைப் போட்டு உடைத்தது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் விருதும் கிடைத்தது. டாக்சிக் கடனையே தொழிலாக வைத்திருந்த மெல்ரோஸ், லோம்டோ போன்ற கடன் சங்கங்களும், வங்கிகளும், இடைத்தரகர்களும் ஓட்டுநர்களுக்குக் கொடுத்த கடன்களின் விதிகள் அதில் வெளிவந்தன. கைமுதல் கொஞ்சம் போட்டால் போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்று ஆண்டு முடிந்ததும் முழு அசலையும் கட்ட வேண்டும் என்று ஒரு விதி. ஆனால் யாரும் கட்டமாட்டார்கள், விலை ஏறியிருக்கும், புது விலையில் புதுக் கடன் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 7 லட்சம் டாலர், வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 28,000 டாலர். மாதத்துக்கு 2,300 டாலருக்கு மேல். அசலில் ஒரு டாலர்கூடக் குறையாது. இதற்கு மேல் வண்டிச் செலவு, காப்பீடு, பெட்ரோல், வீட்டு வாடகை. சம்பாதிக்கும் காலம் முழுக்கக் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். விலை ஏறிக்கொண்டே போனால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். அடுத்தவர் இன்னும் பெரிய கடன் வாங்கி வாங்கினால்தான் விலை ஏறும்.

இதில் நகரத்தின் பங்கு என்ன? 1996க்குப் பிறகு நகரமே புது மெடாலியன்களை ஏலம் விட ஆரம்பித்தது. 2004, 2006, 2008 என்று தொடர்ந்து 2014 வரை. மொத்த எண்ணிக்கை 13,587 ஆனது. பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்க இது சுலபமான வழி. ஏலத்துக்கு முன் டிஎல்சி கொடுத்த விளம்பரங்கள் மெடாலியனைப் பங்குச் சந்தையைவிட நல்ல முதலீடு என்கிற தொனியில் பேசின. மேயர்களாக இருந்த ப்ளூம்பெர்க், டி பிளாசியோ இருவர் காலத்திலும் ஏல விற்பனை, தனியார் கைமாற்றத்தின் மேல் வரி என்று நகரத்துக்கு வந்த தொகை 85.5 கோடி டாலருக்கு மேல் என்று டைம்ஸ் கணக்கிட்டது.

கட்டணத்தை நிர்ணயிப்பதும், எத்தனை வண்டி ஓடலாம் என்று முடிவு செய்வதும், யாரை உள்ளே விடலாம் என்று சொல்வதும் டிஎல்சிதான். அதே டிஎல்சிதான் மெடாலியனைக் கூவி விற்றது. நடுவரே ஒரு பக்கம் பந்தயம் கட்டியது போல. 2020 பிப்ரவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ், விலை ஊதிப்பெருத்தது தெரிந்தே நகரம் விற்றது என்று குற்றம் சாட்டி 81 கோடி டாலர் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் விட்டார். நகர நிர்வாகம் மறுத்தது.

வேலியில் விழுந்த வழி

2011 மே மாதம் உபர் நியூயார்க்கில் இறங்கியது. சட்டத்தை உடைத்துக்கொண்டு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் அப்படித்தான் வந்தது. இங்கே கருப்பு கார்களுக்கான பழைய விதிகளுக்குள்ளேயே வந்தது. நிலையம் ஒன்றைப் பதிவு செய்தது. ஓட்டுநர்கள் டிஎல்சி உரிமம் எடுத்தார்கள். வண்டிகளும் பதிவாயின. பயணி போனில் தட்டுகிறார், மூன்று நிமிடத்தில் வண்டி வருகிறது. இது முன்கூட்டியே சொல்லிவைத்த சவாரியா, தெருவில் கை நீட்டியதா? சட்டத்தின் பார்வையில் முதலாவது. பயணியின் பார்வையில் இரண்டாவதைவிடச் சுலபம். வேலி அங்கேயேதான் நின்றது. அதன் இரு பக்கமும் ஒன்றாகிவிட்டன.

கருப்பு கார்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பல பத்தாண்டுகளாக அது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் போன் செய்து காத்திருப்பது நீண்ட நேரம் பிடித்தது. சட்டம் போடாத வரம்பைக் காத்திருப்பு நேரம் போட்டு வைத்திருந்தது. செயலி அதை எடுத்துவிட்டது. 2015இல் சுமார் 63,000 ஆக இருந்த இத்தகைய வாடகை வண்டிகள் 2018இல் ஒரு லட்சத்தைத் தாண்டின. அவற்றில் பெரும்பங்கு செயலிகளுக்கு ஓடியவை. 2017இல் தினசரிப் பயணங்களில் செயலிகள் மஞ்சள் டாக்சியை முந்தின.

பயணிகள் ஏன் இவ்வளவு வேகமாக மாறினார்கள் என்பதற்கு மஞ்சள் டாக்சித் தொழிலும் பதில் சொல்ல வேண்டும். மாலை நாலு, ஐந்து மணிக்கு ஷிஃப்ட் மாறும். அலுவலகம் விடும் நேரத்தில் வண்டிகள் எல்லாம் ‘டூட்டி முடிந்தது’ விளக்கைப் போட்டுக்கொண்டு ஷெட்டைப் பார்த்து ஓடும். பயணி கை நீட்டிக்கொண்டே நிற்பார். இது நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த நோவு. யாரும் சரி செய்யவில்லை. மஞ்சள் டாக்சிகள் ஆள் ஏற்றியதில் சுமார் 95 சதவீதம் மன்ஹாட்டனின் மையப் பகுதியிலும் விமான நிலையங்களிலும்தான். பிராங்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின் பக்கம் வரச் சொன்னால் மறுப்பார்கள். கறுப்பினப் பயணிகளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவார்கள். 1999இல் நடிகர் டேனி குளோவர் இதைப் பற்றி அதிகாரபூர்வமாகப் புகார் கொடுத்த பிறகுதான் நகரம் கொஞ்சம் அசைந்தது. 2013இல் வெளிப் பகுதிகளுக்கென்று பச்சை டாக்சிகள் வந்தன. நல்ல யோசனை, ஆனால் வந்த நேரம் சரியில்லை. அதே பகுதிகளில் செயலிகள் அவற்றை விழுங்கிவிட்டன.

மெடாலியன் விலை 2014க்குப் பிறகு சரிய ஆரம்பித்தது. கடன் புதுப்பிக்கும் தேதி வந்தபோது புது விலையில் கடன் தர ஆளில்லை. ‘யாரும் கேட்கமாட்டார்கள்’ என்றிருந்த அந்த மூன்றாண்டு விதியைக் கடன் கொடுத்தவர்கள் அப்போதுதான் கையில் எடுத்தார்கள். 2017இல் மெல்ரோஸ் சங்கத்தை ஒழுங்குமுறை அதிகாரிகள் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள், 2018இல் அது கலைக்கப்பட்டது. லோம்டோவுக்கும் அதே கதி. அந்தச் சங்கங்களின் கடன் பத்திரங்கள் கடைசியில் மார்பிள்கேட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின. கடன் கொடுத்தவர் மாறினார். ஓட்டுநரின் அசல் மாறவில்லை.

2015: நகரம் பின்வாங்கிய கோடை

2015இல் மேயர் டி பிளாசியோ செயலி வண்டிகளுக்கு வரம்பு கொண்டுவர முயன்றார். உபர் தன் செயலியிலேயே மேயர் பெயரில் ஒரு காட்சியைச் சேர்த்தது. அதைத் தட்டினால் வண்டியே இல்லை, அல்லது நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும் என்று காட்டும். மேயர் சொல்வது நடந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பயணிகளைத் திரட்டினார்கள். ஜூலையில் மேயர் பின்வாங்கினார்.

இந்த நிகழ்வில் ஒரே ஒரு முடிவை மாற்றிப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அப்போது விலை சரியத் தொடங்கியிருந்தது, முழுவதும் விழவில்லை. கடன்கள் இன்னும் பேசித் தீர்க்கக்கூடிய நிலையில் இருந்தன. அடுத்த மூன்று ஆண்டில் வண்டிகள் பெருகின. மஞ்சள் டாக்சிக்காரர் மட்டும் நொந்தார் என்றும் சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் உபர் நியூயார்க்கில் கட்டணத்தை 15 சதவீதம் குறைத்தது. அடி வாங்கியவர்கள் உபர் ஓட்டுநர்களே. அவர்களில் பலர் நேற்றுவரை மஞ்சள் டாக்சி ஓட்டியவர்கள், புதுக் காரைத் தவணையில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். உபர் 2014 முதல் 2017 வரை, பயணி கட்ட வேண்டிய விற்பனை வரியையும் ஓட்டுநர் பங்கிலிருந்து பிடித்துக்கொண்டது. இந்த விவகாரத்தில் 2023 நவம்பரில் உபர் 29 கோடி டாலரும், இது போன்ற பிடித்தங்களுக்காக லிஃப்ட் என்ற போட்டிச் செயலி நிறுவனம் 3.8 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

2018இல் மஞ்சள் டாக்சி, கருப்பு கார் ஓட்டுநர்கள் பலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நகர மண்டபத்தின் முன்னாலேயே ஒரு கருப்பு கார் ஓட்டுநர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நகர மன்றத்தில் காற்று திசை மாறியது.

58 சதவீதம்

2018 ஆகஸ்டில் நகர மன்றம் செயலி வண்டிகளுக்குப் புது உரிமங்களை ஓராண்டு நிறுத்தியது. சக்கர நாற்காலி ஏறும் வசதியுள்ள வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கப் பெருநகரங்களில் இதுவே முதல் முறை. ஓராண்டு என்றது நீண்டுகொண்டே போனது.

வரம்பைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது கூடவே வந்த குறைந்தபட்ச ஊதிய விதி. 2019 பிப்ரவரி 1 முதல், செலவு போக மணிக்கு 17.22 டாலர் கிடைக்கும்படி கட்டணம் தர வேண்டும் என்றானது. அப்போது நகரத்தின் குறைந்தபட்சக் கூலி 15 டாலர். ஊழியராக இருந்தால் முதலாளி கட்டியிருக்கும் வரிப் பங்கையும், சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் அதோடு சேர்த்தால் 17.22 வருகிறது. ஊழியர் இல்லை என்று சொல்கிறாயா, சரி, அதற்கும் சேர்த்துக் கொடு என்பதே இதன் அர்த்தம்.

இதை மணிக்கணக்கில் கொடுக்கச் சொல்லாமல் சவாரிக்குச் சவாரி கொடுக்கச் சொன்னார்கள். அங்கேதான் சூட்சுமம். ஒரு மணி நேரம் செயலியைத் திறந்து வைத்திருக்கும் ஓட்டுநரின் வண்டியில் சராசரியாக 58 சதவீத நேரம்தான் பயணி இருக்கிறார், அதாவது 35 நிமிடம். மீதி நேரம் அடுத்த சவாரிக்காகக் காலியாகச் சுற்றுகிறார். அந்தக் காலி நேரம் இல்லாவிட்டால் பயணிக்கு மூன்று நிமிடத்தில் வண்டி வராது. ஆக அது நிறுவனத்தின் சரக்கு, ஆனால் செலவு ஓட்டுநருடையது. டிஎல்சி மைலுக்கு 63.1 சென்ட், நிமிடத்துக்கு 28.7 சென்ட் என்று வைத்து, இரண்டையும் 0.58ஆல் வகுத்தது. 7.5 மைல், அரை மணி நேரச் சவாரிக்குச் சுமார் 23 டாலர் ஓட்டுநர் கைக்கு வந்தது. காலி வண்டிகளைக் கூட்டினால் அந்த 58 குறையும், வகுத்து வரும் தொகை ஏறும், நிறுவனத்துக்குச் செலவு கூடும். வண்டியைக் கொட்டிக் குவிப்பதற்கு முதல்முறையாக ஒரு விலை வந்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. சவாரி குறைவான நேரத்தில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழைவதையே தடுக்க ஆரம்பித்தன. செயலிக்கு வெளியே நிற்கும் ஓட்டுநர் கணக்கில் வரமாட்டார், சதவீதம் அழகாக இருக்கும். 2019இல் நடந்தது, 2024இல் இன்னும் பெரிய அளவில் நடந்தது. விருப்பப்பட்ட நேரத்தில் ஓட்டலாம் என்ற வாக்குறுதியை நம்பி வந்தவருக்குக் கதவு மூடியிருந்தது. விதி தப்பு என்று இதற்காகச் சொல்லமாட்டேன். எதை அளந்தாலும் அளவைச் சமாளிக்க வழி தேடுவார்கள், விதியும் கூடவே நடக்க வேண்டும்.

லண்டன் எங்கே வேறுபட்டது

ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் நல்ல இடம். அங்கே கருப்பு டாக்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனால் ‘நாலெட்ஜ்’ என்ற தேர்வு உண்டு. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் மனப்பாடமாக வேண்டும். பலருக்கு மூன்று, நாலு ஆண்டு பிடிக்கும். கதவு யாருக்கும் திறந்தே இருக்கிறது, படி மட்டும் உயரம். தேர்வில் கிடைத்த உரிமத்தை விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

உபர் 2012இல் லண்டனுக்கு வந்தபோது அங்கும் வழக்குகள் நடந்தன. செயலி வைத்த போன் டாக்சி மீட்டர்தானே என்று ஒரு வழக்கு. இல்லை என்று 2015இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நகரப் போக்குவரத்து அமைப்பு 2017இலும் 2019இலும் மறுத்தது. இரண்டு முறையும் உபர் மேல்முறையீட்டில் உரிமத்தை வாங்கிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் உபர் ஓட்டுநர்கள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருப்பு டாக்சிக்காரர்கள் வருமானத்தை இழந்தார்கள். 22,000க்கு மேல் இருந்த வண்டிகள் பத்து ஆண்டில் 15,000க்குக் கீழே இறங்கின. வலி நிஜம். ஆனால் உரிமத்தை வைத்து வாங்கிய ஏழு லட்சம் கடன் என்று ஒன்று அங்கே யாருக்கும் இல்லை. போட்டி ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். வேறுபாடு, உரிமம் சொத்தா இல்லையா என்பதில்.

உண்ணாவிரதம்

மீண்டும் நியூயார்க். 2020இல் கொரோனா வந்து, மிச்சம் இருந்த சவாரியையும் துடைத்துக்கொண்டு போனது. 2021 மார்ச்சில் நகரம் 6.5 கோடி டாலர் நிவாரணத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஓட்டுநர்களுக்கு அது போதவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டமைப்பு, பைரவி தேசாய் தலைமையில், நகரமே கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டது. அது கேட்டதில் நுட்பம் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்தால் அது நேராகக் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும், அசல் மலை போல அப்படியே இருக்கும். உத்தரவாதம் கொடுத்தால், கடன் கொடுத்தவர் பயமில்லாமல் அசலைக் குறைக்க முன்வருவார்.

செப்டம்பரில் நகர மண்டபத்துக்கு வெளியே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அக்டோபர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. அன்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஸொஹ்ரான் மம்தானியும் அதில் உட்கார்ந்தார். பதினைந்தாம் நாள், நவம்பர் 3 அன்று, ஒப்பந்தம் வந்தது. கடன் 2 லட்சம் டாலராகக் குறைக்கப்படும். அதில் 30,000 நகரத்தின் மானியம். மீதி 1,70,000க்கு நகரம் உத்தரவாதம். முதலில் பேசியபடி 5 சதவீத வட்டியில் 20 ஆண்டு, மாதத் தவணை 1,122 டாலர். 2022இல் வட்டி ஏறியதால் அது 7.3 சதவீதம், 25 ஆண்டு, மாதம் 1,234 டாலர் என்று முடிந்தது. ஐந்து, ஆறு லட்சம் கடனில் இருந்தவருக்கு இது மூச்சு விட இடம். அதற்குள் மெடாலியனைப் பறிகொடுத்துவிட்டவருக்கு ஒன்றுமில்லை.

2022 மார்ச்சில் உபர் தன் செயலியில் மஞ்சள் டாக்சிகளையும் காட்ட ஒப்பந்தம் போட்டது. ஓட்டுநர் தட்டுப்பாடு ஒரு பக்கம், சவாரித் தட்டுப்பாடு மறுபக்கம். பத்தாண்டுச் சண்டைக்குப் பிறகு இரண்டு தரப்பும் ஒரே திரையில். அந்த ஆண்டு டிசம்பரில் மஞ்சள் டாக்சி மீட்டர் கட்டணமும் 23 சதவீதம் கூடியது.

அதே பழைய மருந்து

2018இல் போட்ட வரம்பு 1937இல் போட்டதேதான். பக்கவிளைவும் அதேதான். புது உரிமம் கிடைக்காது என்றானதும், ஏற்கனவே டிஎல்சி நம்பர் பிளேட் வைத்திருந்த வண்டிகளுக்குக் கிராக்கி வந்தது. அவற்றை வைத்திருந்தவர்கள் வாராந்திர வாடகைக்கு விட்டார்கள். சொந்த பிளேட் இல்லாத செயலி ஓட்டுநர் இப்போது வாடகை கட்டி ஓட்டுகிறார். ஷிஃப்ட் வாடகை வார வாடகையாகத் திரும்பி வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் மின்சாரக் கார்களுக்கு டிஎல்சி கதவைத் திறந்தபோது ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் விண்ணப்பித்தார்கள். டாக்சி தொழிலாளர் கூட்டமைப்பு நீதிமன்றம் போனது, நவம்பரில் கதவு மூடியது. வாடகையிலிருந்து தப்ப நினைத்த ஓட்டுநரும், சவாரி பறிபோகும் என்று பயந்த ஓட்டுநரும் எதிரெதிராக நின்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

வரம்பு வேண்டும், ஆனால் அது யாருடைய சொத்தாகவும் ஆகக்கூடாது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஓட்டுபவரின் பெயரில் மட்டும் உரிமம், ஓட்டுவதை நிறுத்தினால் உரிமம் நகரத்துக்குத் திரும்பும், கைமாற்றம் கிடையாது. வாடகைக்கு விடும் நிறுவனங்கள் எதிர்க்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

2025 ஆகஸ்டில் ஓட்டுநரில்லா கார் நிறுவனமான வேமோவுக்கு மன்ஹாட்டனிலும் புரூக்ளின் மையத்திலும் எட்டு வண்டி வரை சோதனை ஓட்டம் நடத்த நகரம் அனுமதி கொடுத்தது. ஸ்டியரிங்கின் பின்னால் ஆள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். நாளை அந்த ஆள் வேண்டாம் என்று கேட்பார்கள். அன்றைக்கு டிஎல்சி முன்னால் இருக்கும் கணக்கு 2011இல் இருந்ததல்ல. அன்று மெடாலியனை விற்றுக் காசு வாங்கிய நகரம் இன்று அதே மெடாலியன் கடனுக்கு ஜாமீன். ஓட்டுநர் மாதம் 1,234 டாலர் கட்டத் தவறினால் நகரம் கட்ட வேண்டும், 2047 வரை. அன்று உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்த மம்தானி 2026 ஜனவரி முதல் மேயர்.